சமமான தூரங்கள்

இடது கை ஒரு கிளிப்பைப் பிடித்திருந்தது. வலது கை அதன் காலில் சிவப்பு நூலைச் சுற்றி, இன்னொரு கிளிப்பின் காலோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. உடுப்புக் காயப்போடும் சாதாரண மரக் கிளிப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சின்னத் தாள்துண்டு ஒட்டி, ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் எழுதியிருந்தது. முடிச்சுப் போட்ட இரண்டையும் கைகள் மேசையில் ஒன்றாக வைத்தன. மிச்சமுள்ளவற்றில் இவற்றுக்கு மிக நெருங்கியது எது என்று சுட்டுவிரல் தேடியது. இரண்டு கிளிப்புகள் ஒரே அளவு நெருக்கமாக இருந்தன. விரல் இடப்பக்கம் போனது, திரும்பி வலப்பக்கம் போனது, பிறகு எதையும் தொடாமல் மேசையில் கிடந்தது.

பல்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்ர கிளிப் எல்லாத்தையும் எங்க கொண்டுபோனனி? சீலை கடலுக்குப் பறக்கப் போகுது!”

“கொஞ்சம் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ அம்மா.”

“நான் என்ன கொடிக்கம்பமே?”

தனுஷியா அடுத்த கிளிப்பை எடுத்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அவளும் தாய் நாகேஸ்வரியும் மட்டும் இருக்கும் வீடு அது. அன்று சனிக்கிழமை காலை. முதல்நாள் பின்னேரத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. காரணம் தெரியாத நாகேஸ்வரி தானாக ஒன்றை ஊகித்திருந்தார்.

“ஆராவது பெடியன் மாட்டனெண்டு சொல்லிப்போட்டானோ?”

“அப்பிடியெண்டால் பரவாயில்லையே அம்மா.”

தனுஷியாவுக்கு முப்பத்து மூன்று வயது. கணிதம் படித்தவள். பட்டம் முடித்ததும் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். உயிரியலை அவளுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. மின்வெட்டு நாளுக்குப் பல மணிநேரம் நீடித்த அந்த வருடத்தில், கணினி செத்துக் கிடந்த பொழுதுகளில், மரபணுத்தொடர்களைப் பற்றிய கட்டுரைகளை அச்செடுத்து வைத்து ஜன்னலோரம் இருந்து வாசித்தாள். கட்டுரையில் இருந்த வழிமுறைகளை ஓட்டிப் பார்க்கக் கணினி இல்லாததால் கிளிப்பும் நூலும் கொண்டு கையால் ஓட்டினாள். அப்படிப் பிடித்த பழக்கம் பிறகும் விடவில்லை. பேராசிரியர் கனகசபாபதி அவளைத் தன் ஆய்வுக் குழுவுக்கு எடுத்துக்கொண்ட பிறகும், எந்தப் புரோகிராமையும் ஒருமுறையாவது மேசையில் கையால் கட்டிப் பார்க்காமல் அவள் வெளியே விட்டதில்லை.

அவளுடைய ஆய்வு எளிதாகச் சொல்லக்கூடியதுதான். ஒரு கிருமி ஆளுக்கு ஆள் தொற்றிப் போகும்போது, அதன் மரபணுத்தொடரில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். இரண்டு பேரிடம் எடுத்த கிருமிகளுக்கிடையே எத்தனை எழுத்து வேறுபாடு என்று எண்ணினால், அதுதான் அவற்றுக்கிடையிலான தூரம். நெருங்கியதை நெருங்கியதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போனால் ஒரு மரம் வரும். மரம் எங்கிருந்து விரிகிறது என்று பார்த்தால், தொற்று எங்கே தொடங்கியது என்று ஊகிக்கலாம். மொத்தத் தூரம் மிகக் குறைந்த, அதாவது மிகக் குறுகிய மரத்தை விரைவாகக் கண்டுபிடித்து அதன் வேரைக் குறிக்கும் வழிமுறை ஒன்றை அவள் அமைத்திருந்தாள். அது சரியென்று ஒரு நிறுவலும் எழுதியிருந்தாள். வெளிநாட்டு மாநாடு ஒன்று அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தது. புரோகிராமை யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்திலும் போட்டிருந்தாள். சிலர் இறக்கியும் இருந்தார்கள்.

அந்த மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் சிசு வாட்டில் தொற்று வந்தது. பிறந்து சில நாளான பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சலில் விழுந்தன. ஒரு பிள்ளை இறந்துபோனது. விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு, எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லும்படி கனகசபாபதியிடம் கேட்டது. அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பர்ஹா வாட்டுக்குப் போய், பிள்ளைகளிடமும், கை கழுவும் சிங்கின் குழாயிலும், ஊழியர்களின் கைகளிலும் மாதிரி எடுத்துவந்தாள். ஊழியர்களில் ஒருவருடைய கையில் மட்டும் பிள்ளைகளிடம் இருந்த அதே கிருமி இருந்தது. அந்த மாதிரிக்கு எஸ் நான்கு என்று பெயர்.

வியாழக்கிழமை தனுஷியா புரோகிராமை ஓட்டினாள். பார்க்க அழகான மரம் வந்தது. அதன் வேரில் எஸ் நான்கு நின்றது. கனகசபாபதி படத்தைக் குழுவுக்கு அனுப்பினார். அன்றைக்கே அந்த ஊழியரை லீவில் அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை குழு கூடி முடிவெடுக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பர்ஹா அதே தரவை இன்னொருமுறை அனுப்பினாள். பெயர்களை ஆஸ்பத்திரிப் பதிவுக்குப் பொருத்தமாக மாற்றியிருந்தாள், வேறொன்றும் இல்லை. முந்தைய கோப்பில் ஊழியர்கள் முதலில் இருந்தார்கள். இதில் பிள்ளைகள் முதலில் வந்தார்கள். தனுஷியா ஒரு கடமைக்காகத்தான் அதை ஓட்டினாள். இம்முறை வேரில் நின்றது இரண்டாம் தொட்டிலில் கிடந்த பிள்ளை.

பிழையான கோப்பைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தாள். சரிபார்த்தாள். எழுத்துக்கு எழுத்து அதே தரவு. வரிசை மட்டும் வேறு.

அப்போதுதான் தன் நிறுவலை எடுத்துத் திரும்ப வாசித்தாள்.

அவளுடைய நிறுவலில் மூன்றாம் துணைத்தேற்றம் இப்படித் தொடங்கும்: பொதுத்தன்மை குறையாமல், எல்லாத் தூரங்களும் வெவ்வேறானவை எனக் கொள்வோம். இந்தத் துறையில் எல்லோரும் எழுதும் வரி அது. எழுதும்போது கை நிற்பதேயில்லை. இரண்டு தூரங்கள் சமமாக இருந்தால், ஒன்றை மயிரிழை அளவு கூட்டிக்கொள்ளலாம், விடை மாறாது என்பது அதன் பொருள். விடை என்று அவள் நினைத்திருந்தது மரத்தின் மொத்த நீளத்தை. நீளம் மாறாது என்பது உண்மை. ஆனால் வேர் மாறும். தூரங்கள் சமமாக வரும் இடத்தில் புரோகிராம் வரிசையில் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்ளும்படி அவளே எழுதியிருந்தாள். வியாழக்கிழமைக் கோப்பில், பொருந்திய மாதிரிகளில் எஸ் நான்குதான் முதலில் நின்றது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பரிசோதனைக்கு அவள் பயன்படுத்திய செயற்கைத் தரவுகளில் தூரங்கள் நீண்ட தசம எண்களாக இருந்தன. அவை ஒருபோதும் சமமாக வருவதில்லை. கையால் கட்டிப் பார்த்தபோதும் அவளே எண்களைத் தெரிவுசெய்தாள், குழப்பம் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் வேறாக எடுத்தாள். ஆனால் ஒரே வாட்டில் சில கிழமைக்குள் பரவிய கிருமிகளுக்கிடையே வேறுபாடு ஓர் எழுத்து, இரண்டு எழுத்து, அல்லது ஒன்றுமே இல்லை. எங்கு பார்த்தாலும் சமன்.

இப்போது மேசையில் உண்மையான தூரங்களோடு கிளிப்புகள் கிடந்தன. கைகள் முதலில் எந்தப் பக்கம் போகின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொருமுறையும் வேறு மரம் வந்தது. எல்லாம் ஒரே நீளம்.

மத்தியானம் பர்ஹா கிராண்ட்பாஸிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் ஒரு பை நிறையப் பொரித்த பற்றீஸ். தனுஷியா தொலைபேசியில் சொன்னதை அவள் பாதிதான் விளங்கிக்கொண்டிருந்தாள். மேசையைப் பார்த்ததும் முழுதும் விளங்கிவிட்டது.

“அப்ப இண்டைக்கு ஓட்டினா ஒரு பேர், நாளைக்கு ஓட்டினா வேற பேர். லொத்தர் சீட்டு மாதிரி.”

“ஓம்.”

“சேருக்குச் சொன்னீங்களா?”

“இல்லை. நாளைக்குப் போறன். அவர்தானே படத்தை அனுப்பினவர். கட்டுரையிலயும் அவற்ற பெயர் இருக்கு.” தனுஷியா ஒரு கிளிப்பை எடுத்து விரலில் கவ்வவிட்டாள். “பர்ஹா, எஸ் நாலு ஆர்?”

ஆட்களின் பெயர்களைக் கேட்பதில்லை என்பது தனுஷியாவின் ஒழுங்கு. பர்ஹா அவளை ஒரு கணம் பார்த்தாள்.

“ஜெசிந்தா எண்டு ஒரு நேர்ஸ். அங்க பக்கத்துலதான் வீடு. நான் சாம்பிள் எடுக்கப் போகக்குள்ள என்ட கையத்தான் முதல்ல பாத்த. ‘நீங்களும் கழுவிட்டுத் தொடுங்க’ண்டு சொன்ன. எனக்குக் கோவம் வந்திச்சு, என்ன இவ எனக்குப் படிச்சுத் தாறண்டு.”

தனுஷியா கிளிப்பை விரலிலிருந்து கழற்றினாள். தோலில் இரண்டு கோடுகள் பதிந்திருந்தன.

“சும்மா கவலப்படாதீங்க,” என்றாள் பர்ஹா. “நான் ஒரு வழி சொல்றன். சிங்க்ட சாம்பிள முதல் வரிசையில போட்டு ஓட்டுங்க. சிங்க் வேரா வரும்தானே?”

“வரும்.”

“அத அனுப்புங்க. திருத்தின மரம் இதுதான்டு சொல்லுங்க. சிங்குக்குப் புள்ள குட்டி இல்ல, வேலயும் போகாது. ஆஸ்பத்திரிக்காரன் குழாய மாத்துவான். அந்த நேர்ஸ் வேலைக்குப் போவா. உங்கட கட்டுரையும் தப்பும். எல்லாருக்கும் நல்லம்.”

தனுஷியா மடிக்கணினியைத் திறந்தாள். சிங்கின் வரியை வெட்டி மேலே ஒட்டினாள். ஓட்டினாள். கண்மூடித் திறக்குமுன் மரம் வந்தது. வேரில் சிங்க்.

நேற்றிலிருந்து அவளைப் பிடித்திருந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருந்தது. இவ்வளவு இலகுவாக இருந்தது. படம் வியாழக்கிழமைப் படத்தைப்போலவே சுத்தமாக, நம்பும்படியாக இருந்தது. அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் போய் நின்றதை அவள் கண்டாள். விரலை யாரோ வேறொருவருடையதைப்போல் பார்த்தாள்.

“சிங்க் இல்லையெண்டால்?” என்றாள்.

“என்ன?”

“உண்மையில சிங்க் இல்லையெண்டால்? குழாயை மாத்திப்போட்டு எல்லாரும் நிம்மதியா இருப்பினம். கிருமி வேற எங்கயாவது இருக்கும். அடுத்த கிழமை புதுசா ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து அந்தத் தொட்டில்ல கிடத்துவினம்.”

பர்ஹா வாயில் வைத்த பற்றீஸை மெல்லாமல் இருந்தாள். கீழே கடலோரம் ரயில் போனது. வீட்டுக் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின.

“இன்னோர் ஆஸ்பத்திரியிலயும் இதை ஓட்டுவினம்,” என்றாள் தனுஷியா. “அங்க வரிசையில முதல் ஆர் நிக்கினமோ அவையள்தான் அகப்படுவினம்.”

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

பர்ஹா போன பிறகு, கேள்வியையே மாற்றவேண்டும் என்று தனுஷியாவுக்குத் தோன்றியது. எது வேர் என்று இனிக் கேட்பதில் பயன் இல்லை. எவையெல்லாம் வேராக வரக்கூடும் என்று கேட்கவேண்டும். சமன் வரும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தால் மரங்கள் பெருகிப் பெருகி, கணினி வருடக்கணக்கில் ஓடவேண்டி வரும். ஆனால் எல்லா மரங்களையும் எழுதத் தேவையில்லை என்பதை, மாலை வெயில் மேசைக்கு வந்த நேரத்தில் கண்டுகொண்டாள். ஒவ்வொரு மாதிரியாக எடுத்து, இதை வேராகக் கொண்ட குறுகிய மரம் ஒன்றாவது உண்டா என்று மட்டும் கேட்டால் போதும். அதற்கு விரைவாக விடை காணலாம். நிறுவல் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கியது. இம்முறை ஒவ்வொரு வரிக்கும் கீழே, சமமாக வந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்துத்தான் அடுத்த வரிக்குப் போனாள். பிறகு கிளிப்புகளில் கட்டினாள். பிறகுதான் கணினியில் எழுதினாள்.

விடை வந்தது. பதின்மூன்று மாதிரிகளில் ஒன்பது வேராக இருக்கலாம். எஸ் நான்கு அவற்றில் ஒன்று. சிங்க் ஒன்று. மிச்சம் ஏழும் பிள்ளைகள். இறந்துபோன பிள்ளையும் அதில் இருந்தது.

எஸ் நான்கு பட்டியலுக்கு வெளியே போய்விடும் என்று அவள் உள்ளூர நம்பியிருந்தாள். போகவில்லை.

ஞாயிறு காலை கொள்ளுப்பிட்டியில் கனகசபாபதியின் வீட்டுக்குப் போனாள். அவர் இடுப்பில் சாரத்தோடு நின்று, திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போடும் சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

“வாரும் வாரும். நான் அயன் பண்ணுறதை டிப்பார்ட்மென்டில சொல்லிப்போடாதையும், மரியாதை போயிடும்.”

அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். நடுவில் சமன் என்ற சொல்லை மூன்றுமுறை சொல்லவேண்டி வந்தது. அவர் அயன் பெட்டியின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“மூன்றாம் துணைத்தேற்றமோ?”

“ஓம் சேர்.”

“நான் வாசிச்சனான். அந்த வரியை நானும் வாசிச்சனான்.” கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் படத்தை அனுப்பேக்க குழுத் தலைவிக்கு ஒரு போன்கோலும் எடுத்தனான். ஊழியர் பக்கம்தான் எண்டு சொன்னனான். அப்பிடியே சொன்னனான், பிள்ளை. கேக்காமலே சொன்னனான்.”

அவருடைய முகத்தில் அப்படியொரு பயத்தை அவள் கண்டதில்லை. அவர் துணிச்சலாக ஏதாவது சொல்லுவார், தன் பயம் பாதியாகும் என்று நினைத்து வந்தவளுக்கு, இப்போது அவருடையதும் சேர்ந்து கனத்தது.

“வரிசையை மாத்தி மாத்தி எத்தனை தரம் பாத்தீர்?”

“கையாலயும் பாத்தனான் சேர்.”

“கிளிப்போ?”

“ஓம்.”

“அப்ப சரிதான்.” கண்ணாடியைத் திரும்பப் போட்டார். “மாநாட்டுக்காரருக்கு நான் எழுதிறன், கட்டுரையைத் திருப்பி எடுக்கிறம் எண்டு. இணையத்திலிருந்து புரோகிராமை நீர் இண்டைக்கே எடும். குழுவுக்கு அறிக்கையை எழுதும். சுத்தி வளைக்காமல் எழுதும். இங்கிலீசில ஒண்டு, சிங்களத்தில ஒண்டு, தமிழில ஒண்டு. அந்த நேர்ஸுக்கும் விளங்கவேணும்.”

“விளங்கினால் அவவுக்குச் சந்தோசம் வராது சேர். அவவும் ஒன்பதில இருக்கிறா.”

“தெரியும்,” என்றார். எழுந்து சுவிட்சைப் போட்டார்.

அறிக்கை மொழிக்கு இரண்டு பக்கம். வியாழக்கிழமை அனுப்பிய படம் பிழை என்று முதல் வரியிலேயே எழுதினாள். பிழை எங்கே நடந்தது, யாருடையது என்று இரண்டாவது வரியில். ஒன்பது மாதிரிகளையும் எந்த வரிசையில் எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தாள். எதை முதலில் எழுதினாலும் வாசிப்பவரின் கண் அதில்தான் நிற்கும். கடைசியில் ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பில் ஒன்பதையும் எழுதினாள். கீழே எழுதினாள்: இந்த மாதிரிகளை மட்டும் கொண்டு தொற்று எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. சிங்கும் கைகளும் தொட்டில்களும் எல்லாம் இன்னும் சந்தேகத்துக்குரியவை. எல்லாவற்றையும் சுத்தம் செய்யவேண்டும். யாரையும் குற்றம் சொல்ல இந்த மரங்கள் போதாது.

திங்கட்கிழமை காலை கொட்டாஞ்சேனை நெரிசலில் ஓட்டோ ஊர்ந்தது. கனகசபாபதி நேரே வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருமுன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் கூட்ட அறைக்கு வெளியே ஒரு நீள மர வாங்கில் இருந்தது. அதில் ஒரு பெண் இருந்தாள். சீருடை இல்லை. மடியில் கைகள். மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவித் தோல் வெடித்து, விரல் மடிப்புகளில் சிவந்திருந்த கைகள். பெயர் கேட்கத் தேவைப்படவில்லை.

தனுஷியா வாங்கிலின் மறு முனையில் இருந்தாள். அந்தப் பெண் அவளுடைய மடியில் இருந்த கடித உறையைப் பார்த்தாள்.

“மிஸ், நீங்க கம்பஸிலிருந்தா?”

“ஓம்.”

“நீங்களா அந்தப் படம் கீறின?”

தனுஷியாவுக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. “ஓம். நான்தான். அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

ஜெசிந்தாவின் முகத்தில் ஏதோ ஒன்று எழும்பியது. “அப்ப நான் இல்லையா?”

தயார் பண்ணி வந்த வசனம் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. “நீங்கள்தான் எண்டு சொல்ல ஏலாது. அதுக்கு ஆதாரம் இல்லை. இதில அப்பிடித்தான் எழுதியிருக்கு.”

“நான் இல்லையெண்டு எழுதியிருக்கா?”

“இல்லை.”

எழும்பியது அப்படியே இறங்கியது. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது.

“வேல போனாப் போகட்டும் மிஸ்,” என்றாள் ஜெசிந்தா. மிக மெல்லச் சொன்னாள். “கடைசி ராவில அந்தப் புள்ளைய நான்தான் வச்சிருந்த. அழுதிச்சு, தூக்கி வச்சிருந்த. கைய எத்தனை தரம் கழுவின எண்டு எனக்குத் தெரியும். ஆனா நானா இல்லையா எண்டு தெரியாது. உங்கட மெஷினுக்குத் தெரியும் எண்டுதான் நான் இருந்த. வியாழக்கிழம நான்தான் எண்டு சொன்னாங்க. சரி, தெரிஞ்சிட்டுதே எண்டு நினைச்ச. இப்ப அதுவும் இல்லையா?”

“தெரியாது,” என்றாள் தனுஷியா. “எங்களுக்குத் தெரியாது. இந்த மாதிரிகளை வச்சு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.”

“எப்பவுமா?”

“பழைய மாதிரிகள் எங்கயாவது ஃப்ரீசரில இருந்தால் இன்னும் கொஞ்சம் பாக்கலாம். கேட்டு எழுதியிருக்கிறன். இல்லாட்டி எப்பவும்தான்.”

ஜெசிந்தா தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. கைகளைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டாள்.

படியேறி வந்த கனகசபாபதி மூச்சு வாங்க நின்றார். வாங்கிலில் இருந்த இருவரையும் பார்த்தார். உறையைத் தன்னிடம் தரும்படி கையை நீட்டினார். தனுஷியா மாட்டேன் என்று தலையை அசைத்தாள். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

கூட்ட அறையின் கதவு திறந்தது. குழுவின் தலைவி, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டொக்டர், கதவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். உள்ளே நீள மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். மேசையின் நடுவே வியாழக்கிழமைப் படம், பெரிதாக நிறத்தில் அச்செடுத்துக் கிடந்தது.

“அறிக்கை வந்திருக்கிறதா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

தனுஷியா எழுந்தாள். உறைக்குள்ளிருந்து சிங்களப் பிரதியின் இரண்டு பக்கங்களையும் எடுத்தாள். முதல் வரி மேலே தெரியும்படி திருப்பி, வட்டம் போட்ட பக்கம் கீழே வரும்படி பிடித்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள். தலைவி வாங்கிக்கொண்டார்.